கை தட்டினால் மிண்டினதாகுமா?

வாடிக்கையாளர் சேவைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர்கள் என்னைப் பற்றி இரண்டு விஷயம் சொல்லியிருப்பார்கள். ஒன்று, ஊரையே நடக்கச் சொல்லும் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு அலுவலக மாடிப்படியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கியவன். இரண்டு, கம்பெனி எடுத்துவிட்டதை விதியை மீறாமலே ஆட்களுக்குத் திருப்பிக் கொடுத்துத் தலைவலி தந்தவன். முதலாவது உண்மை. ஆனால் மார்த்தாண்டத்தில் எங்கள் அலுவலகம் ஒரு பேக்கரியின் மேல் மாடி. நான் நின்றதில் பாதி மூச்சுக்காக, மீதி கீழேயிருந்து வந்த வாசனைக்காக. இரண்டாவது விஷயத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். இதில் வரும் இரண்டு வாடிக்கையாளர்களிடமும் கேட்டுவிட்டு, பெயர்களை மாற்றி எழுதுகிறேன். ஏன் கேட்டேன் என்பது முடிப்பதற்குள் உங்களுக்கே தெரிந்துவிடும்.

நாம் விற்பது கையில் கட்டும் பட்டை. நடையையும் தூக்கத்தையும் நாடித்துடிப்பையும் எடுத்துப் போனில் காட்டும். ஊர்க்காரர்கள் வாட்ச் என்பார்கள். மணி காட்டினால் எங்கள் ஊரில் எல்லாம் வாட்ச்தான். மூன்று நண்பர்கள் சேர்ந்து தொடங்கிய கம்பெனி. ஒருநாள் காலையில் மூன்று பேரும் திரையில் தோன்றி, நாம் ஒரு பெரிய குடும்பத்தில் சேர்கிறோம் என்றார்கள். பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் வீட்டில் கேட்கிற குரல் அது. விற்றுவிட்டார்கள் என்று புரிந்துகொண்டோம்.

புதிய கம்பெனி கெட்டவர்கள் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஏசி வேலை செய்யத் தொடங்கியதே அவர்கள் வந்த பிறகுதான். மற்ற மாற்றங்கள் மெல்ல வந்தன. பச்சைச் சட்டை சாம்பல் சட்டை ஆனது. வாடிக்கையாளர் 'பயணத் துணைவர்' ஆனார். நேரில் யாரும் வர வேண்டாம் என்று கண்ணாடிக் கதவு போட்டு அட்டை காட்டினால்தான் திறக்கும்படி செய்தார்கள். அட்டையை மறந்துவிட்டு நானே பலமுறை வெளியே பயணத் துணைவனாக நின்றிருக்கிறேன். ஒவ்வொரு அழைப்பும் பதிவானது. நேரம் கூடினால் திரையின் மேல் மூலை சிவந்தது. ஒருவரின் கணக்கைப் பற்றி இன்னொருவரிடம், அது பெற்ற தாயாகவே இருந்தாலும், ஒரு வார்த்தை சொல்லக்கூடாது என்ற விதியும் அப்போதுதான் வந்தது. பழைய கம்பெனியில் அப்படி ஒரு விதி இருந்ததோ என்னவோ, நாங்கள் பின்பற்றியதில்லை. வருகிறவர் பாதிப் பேர் சொந்தக்காரர், மீதிப் பேர் சபைக்காரர். யாரிடம் எதை மறைப்பது?

பிறகு கைதட்டலில் கை வைத்தார்கள்.

நீங்கள் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். பழைய செயலியில் ஒருவரை 'நெருங்கியவர்' என்று சேர்த்துக்கொண்டால் அவருடைய நடையும் தூக்கமும் துடிப்பும் உங்கள் போனில் தெரியும். கை படம் ஒன்று இருக்கும். அதை அமுக்கினால் எத்தனை தூரத்தில் இருந்தாலும் அவர் மணிக்கட்டில் பட்டை ஒருமுறை அதிரும். அவ்வளவுதான். இது ஆழமான உறவுக்குப் போதாது என்று புதிய கம்பெனியில் யாருக்கோ தோன்றியது. கைதட்டலை எடுத்துவிட்டுக் குரல் வாழ்த்து என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பத்து நொடி பேசி அனுப்பலாம். பழைய நாளில் இப்படிப்பட்ட அறிவிப்பைத் தமிழில் நான் எழுதுவேன். இப்போது இயந்திரம் எழுதியது. 'உங்கள் அன்பான கைதட்டல் இந்த மாத இறுதியில் அஸ்தமிக்கிறது.' அஸ்தமனத்தைக் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரனுக்கே அனுப்பிவைக்கும் துணிச்சல் எனக்குப் பிடித்திருந்தது.

வெளியூர்ப் பிள்ளைகளுக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் 'மிண்டுவது' என்றால் பேசுவது. இரண்டு வீட்டுக்கு இடையில் மனக்கசப்பு வந்தால் மிண்டமாட்டார்கள். மற்ற எல்லாம் நடக்கும். கிறிஸ்துமஸுக்குக் கேக் போகும், கல்யாணத்துக்குப் பந்தல் போட ஆள் வரும், ஆஸ்பத்திரியில் கிடந்தால் வராந்தாவில் வந்து நிற்பார்கள். வாய் மட்டும் திறக்காது. முதலில் திறந்தவர் தோற்றவர். என் அப்பாவும் பெரியப்பாவும் ரப்பர் தோட்டத்து வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று, நடுவில் நின்ற பசுவைப் பார்த்துப் பேசியே எல்லைத் தகராறைத் தீர்த்தவர்கள். பசு கடைசிவரை கருத்துச் சொல்லவில்லை.

அறிவிப்பு வந்த மறுநாள் கண்ணாடிக் கதவை யாரோ குடைக் காம்பால் தட்டினார்கள்.

"சாரே, நேர்ல ஆளு வரப்பிடாதுன்னு போர்டு வச்சிருக்கோம்லா" என்றாள் பக்கத்து மேசை ஷைனி.

"போர்டைப் படிச்சிட்டுத்தான் தட்டுதாவ. நிக்குத நிப்பைப் பாத்தா டீச்சரா இருக்கும்."

டீச்சர்தான். குளோரி டீச்சர், நெய்யூர்ப் பக்கம், கணக்குப் பாடம் எடுத்து ஓய்வுபெற்றவர், கணவர் இல்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. போனை என் முன்னால் வைத்தார்.

"அஸ்தமிக்குதுன்னு போட்டிருக்கு. எதுக்கு அஸ்தமிக்கணும்?"

"கம்பெனி முடிவு டீச்சர். அதுக்குப் பதிலா நீங்க பேசியே அனுப்பலாம்."

"பேசத்தான் வழியில்லியே தம்பி" என்றார்.

ஒரே மகன், ஜெபின். மஸ்கட்டில் வேலை, கடலுக்கு நடுவே எண்ணெய் எடுக்கும் மேடையில். அப்பா மாரடைப்பில் போனபோது தனக்கும் அம்மாவுக்கும் ஆளுக்கொரு பட்டை வாங்கி, ஒருவருக்கொருவர் நெருங்கியவராகச் சேர்த்துவைத்தான். அதற்குப் பிறகு கடியப்பட்டணத்தில் ஒரு பெண்ணைக் கட்டினான். மீன்பிடிக்கும் வீடு, கத்தோலிக்கர்; டீச்சர் வீடு சி.எஸ்.ஐ. சபை.

"நான் கல்யாணத்துக்குப் போவல்ல. அவன் பொறவு மிண்டல்ல. நானும் மிண்டல்ல. ஒருநாள் காலத்த மனசு கேக்கல்ல, இந்தக் கைய அமுக்கினேன். கொஞ்ச நேரத்துல திருப்பி வந்துது. அன்னையிலேந்து தெனமும் உண்டு." கொஞ்சம் குனிந்து, வகுப்பில் ரகசியம் சொல்வதுபோலக் கேட்டார். "கை தட்டினா மிண்டினதாவுமா தம்பி?"

"ஆவாது டீச்சர்."

"அதான்."

அதோடு போயிருந்தால் வழக்கமான புகார். அவர் போகவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இப்ப கொஞ்ச நாளா அவன் நடக்கல்ல. துடிப்பு கூடியிருக்கு. பகல்லயும் கெடந்து ஒறங்குதான். அவனுக்க அப்பனுக்கும் இப்படித்தான் தொடங்கிச்சு. காலத்த கைதட்டு திரும்பி வந்தா, செரி, இன்னைக்கு இருக்கான்னு நான் காப்பி போடப் போவேன். அதையும் எடுத்துட்டியன்னா நான் எதை வச்சு அறிவேன்?"

"விளிச்சுக் கேட்டுரலாமே டீச்சர்."

"கேட்டா தோத்தேன்லா."

"தோத்தா என்ன?"

பூஜ்யம் வாங்கிய பையனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். "அது ஒங்களுக்கு மனசிலாவாது." பார்த்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். எதைப் பார்ப்பது என்று எனக்கே தெரியாது.

மறுநாள் ஷைனி காதில் மாட்டியதைக் கழற்றிக்கொண்டு திரும்பினாள். "சாரே, கணக்கு ஆம்பிள பேர்ல. விளிக்கது பெண்ணு. கட் பண்ணணும். ஆனா பிள்ளை அழுதுட்டுத்தான் பேசுது."

"இங்க தா."

திரையில் கணக்கு வந்தது. ஜெபின். நெருங்கியவர்: ஒரே ஒருவர், அம்மா.

"அண்ணா, நான் அவருக்க வீட்டுக்காரி, மெர்லின். கைதட்ட எடுக்கியளாமே. எடுக்காதீங்கண்ணா."

"கணக்கு வச்சிருக்கவரு பேசணும்மா."

"அவரு கடலுக்குள்ள நிக்காரு. அங்க போனும் வாட்சும் கொண்டுபோவப்பிடாது. பழைய போனும் வாட்சும் இங்க எனக்க கிட்டதான். வாட்ச நான்தான் கட்டியிருக்கேன்."

நான் நாற்காலியில் நிமிர்ந்தேன். என் உடம்புக்கு அது ஒரு பயிற்சி. "எப்ப இருந்து?"

"கல்யாணம் கழிஞ்ச கொஞ்ச நாள்ல இருந்து. மேசையில கெடந்த வாட்ச் ஒருநாள் காலத்த கெடந்து வெறைக்குது. பாத்தா, அம்மை கை தட்டியிருக்காவ. அவரு இல்ல. திருப்பித் தட்டல்லன்னா அவியளுக்கு வெசனமாயிரும்லா? தட்டினேன். பின்ன நெனச்சேன், வாட்ச் சும்மா கெடந்தா நடப்பு ஒண்ணும் காட்டாதே, அவிய பயந்துருவாவளே. எடுத்துக் கட்டிட்டேன்."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியும். தெரியாத்த மாதிரி இருப்பாரு. அவியளுக்க மொவன்தானே!" அழுகைக்கு நடுவே சிரித்தாள். "இப்ப எனக்கு அஞ்சாம் மாசம் அண்ணா. டாக்டரு எழும்பி நடக்கப்பிடாதுன்னு சொல்லிட்டாவ. கட்டில்ல கெடந்துட்டு கைய மட்டும் ஆட்டுதேன். எவ்வளவு ஆட்டினாலும் கொஞ்சம்தான் காட்டுது. ஒங்க வாட்ச ஏமாத்தவே முடியாதா?"

அலுவலக நடைப்போட்டியில் என் பட்டையை வீட்டு நாயின் கழுத்தில் கட்டிப் பரிசு வாங்கியவன் நான். அந்த நிபுணத்துவம் தொண்டை வரை வந்து நின்றது. விழுங்கினேன்.

"பேசி அனுப்பலாம்னு போட்டிருக்கியளே, நான் பேசினா எனக்க சத்தம்லா கேக்கும்? இவ்வளவு நாளும் மொவன் தட்டினான்னு ஒரு நெனப்பு அவியளுக்கு உண்டு. அதைப் பறிக்க எனக்கு மனசில்லண்ணா."

திரை மூலை சிவந்துவிட்டது. பெங்களூர்த் தலைமை அலுவலகத்தில் இருந்து எந்த நிமிடமும் யாரும் ஒட்டுக்கேட்கலாம். பிள்ளைகளே, அந்த நிமிடத்தில் நான் இருந்த நிலையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மகன் செத்துவிடுவானோ என்று நடுங்கும் தாய் ஒருத்தி. அவன் நன்றாக இருக்கிறான் என்று எனக்குத் தெரியும். மாமியார் பயந்துவிடக்கூடாதே என்று படுத்த படுக்கையில் கையாட்டும் மருமகள் ஒருத்தி. மாமியார் ஏற்கெனவே பயந்துவிட்டார் என்று எனக்குத் தெரியும். இரண்டு ரகசியத்தையும் போட்டுவைக்க என்னிடம் வயிறு இருந்தது, விசாலமானதுதான். ஆனால் ஒரு வாக்கியம் போதும், எல்லாம் தீர்ந்துவிடும் என்று நாக்கு துடித்தது.

பழைய கம்பெனியாக இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். டீச்சருக்கு ஒரு சாயா வாங்கிக் கொடுத்து, பேரப்பிள்ளை வரப்போகிறது என்று நானே அறிவித்து, நல்லவன் என்ற பெயரையும் வாங்கியிருப்பேன். அந்தப் பெண் வயிற்றில் இருக்கும் சேதியை அவள் சொல்வதற்கு முன்னால், பட்டை விற்கிற ஒருவன் சொன்னதாக ஆகியிருக்கும். அந்த மாமியாருக்கு அவள் இத்தனை நாள் பொத்திப் பொத்திக் கொடுத்த மகனையும் நான் ஒரே இழுப்பில் பிடுங்கியிருப்பேன். நான் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்த புதிய கம்பெனியின் விதிதான் என் வாயைப் பிடித்து நிறுத்தியது. பிறகு யோசிக்க நேரம் கிடைத்தது. விதிக்கு அந்த மரியாதையைக் கொடுத்தே ஆகவேண்டும்.

ஆனால் விதி சொல்வதைத்தான் தடுத்தது, கேட்பதைத் தடுக்கவில்லை. பொருளைப் பற்றிய உண்மையைச் சொல்வதையும் தடுக்கவில்லை.

"மெர்லின், ஒண்ணு சொல்லுதேன் கேளு. குரல் வாழ்த்துல பேசணும்னு கட்டாயம் இல்ல. பத்து நொடி எந்தச் சத்தமும் பதியும். கைய நெசமாவே தட்டினாலும் பதியும்."

அந்தப் பக்கம் இலேசாக இரண்டு தட்டு கேட்டது. பிறகு, "கைய ஆட்டுததுக்குப் பதிலா தட்டிரலாம் இல்லியா?" என்றாள்.

"தட்டலாம். ஆனா டாக்டரு சொன்னதைக் கேளு. இந்தக் கைய ஆட்டுதத நிறுத்திரு."

சாயங்காலம் டீச்சரை அழைத்து அதையே, அதே சொற்களில் சொன்னேன். குரல் வாழ்த்தில் கையைத் தட்டி அனுப்பலாம்.

"அது மிண்டினதாவாதா?"

"கம்பெனிக்கு அது குரல். ஒங்களுக்கு எப்படியோ டீச்சர்."

யோசித்தார். செல்லும் என்று முடிவெடுத்தார் போலிருக்கிறது. பிறகு நான் பயந்துகொண்டிருந்த கேள்வி வந்தது. "நீங்க பாக்கேன்னு சொன்னியளே. அவனுக்கு ஒண்ணும் இல்லல்ல தம்பி?"

"டீச்சர், வாட்சில காட்டுததை வச்சு நோய் இருக்கு, இல்லன்னு யாரும் சொல்லமுடியாது. அது அதுக்கு உள்ளது இல்ல."

கம்பெனி எழுதிக்கொடுத்த வாக்கியம். நூறு பேரிடம் கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னது. அன்றைக்கு அதை மனப்பாடம் இல்லாதவனைப் போலத் திரையைப் பார்த்துப் படித்தேன். இன்னும் சில நாள் ஒரு தாயைப் பயத்தில் வைத்திருக்கிறேன் என்று தெரிந்தே சொன்னேன். வீட்டுக்குப் போகும்போது பேக்கரியில் மட்டன் பப்ஸ் வாங்கினேன், சாப்பிடவில்லை. என்னை அறிந்தவர்களுக்கு அதன் கனம் புரியும்.

மாதம் முடிந்தது. கைதட்டல் அஸ்தமித்தது. அடுத்த நாள் காலையிலேயே கண்ணாடிக் கதவில் குடை தட்டியது. இந்தமுறை ஷைனி எதுவும் சொல்லாமல் எழுந்துபோய்த் திறந்தாள்.

டீச்சர் போனை மேசையில் வைத்து அமுக்கினார். முதலில் அவர் அனுப்பியது: வகுப்பை அமைதிப்படுத்துவதுபோல ஒழுங்கான கைதட்டல். அடுத்தது திரும்பி வந்தது. மெல்லிய தட்டல், ஒவ்வொரு தட்டலுக்கும் பின்னால் கண்ணாடி வளையல்கள் கிலுங்கின.

மெர்லின் வளையலைக் கழற்ற மறந்தாளா, கழற்ற வேண்டாம் என்று விட்டாளா, இன்றுவரை நான் கேட்டதில்லை.

டீச்சர் மறுபடி போட்டார். மறுபடியும் போட்டார்.

"இது யாருக்க கை?"

"டீச்சர், நான் சொல்லப்பிடாது."

"ஒங்ககிட்ட யாரு கேட்டா? நான் என்கிட்ட கேக்கேன்."

அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு, கரும்பலகையில் எழுதுவதுபோல விரலால் மேசையில் கோடு இழுத்தார். "நடப்பு கொறவு. துடிப்பு கூடுதல். பகல்ல ஒறக்கம்." விரல் நின்றது. முகத்தில் முதலில் வந்தது சிரிப்பு. மகனுக்கு நோய் இல்லை, மருமகள்தான் மாசமாக இருக்கிறாள் என்கிற சிரிப்பு. அது பாதியிலேயே நின்றுபோனது.

"அப்ப எனக்க மொவன்? இவ்வளவு நாளும் அவன் தட்டல்லியா?"

ஷைனி வாயெடுத்தாள். நான் கையைக் காட்டி அடக்கினேன். பிள்ளைகளே, நம் வேலையில் மிகப் பெரிய அவசரம் அதுதான்: எதிரே இருப்பவர் மௌனமாக இருக்கும்போது நாம் எதையாவது சொல்லிவிடத் துடிப்பது. அந்த மௌனம் அவருடையது. அதில் அவருக்கு வேலை இருக்கிறது.

கீழே பேக்கரியில் தட்டு இறக்கும் சத்தம் கேட்டது. டீச்சர் அந்த வளையல் சத்தத்தை இன்னொருமுறை போட்டுக் கேட்டார்.

"அவளுக்க கல்யாணத்துக்கு நான் போவல்ல" என்றார், எங்களிடம் இல்லை. "பின்ன எதுக்குத் தட்டினா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் போனை எடுத்து வாய்க்குப் பக்கத்தில் வைத்து, குரல் வாழ்த்தைத் தொட்டார். நொடிகள் ஓடத் தொடங்கின. ஐந்து, ஆறு என்று திரை எண்ணியது. நான் மூச்சைப் பிடித்திருந்தேன். படி ஏறாமலே எனக்கு மூச்சு வாங்கியது.

"ஏட்டி," என்றார் டீச்சர். பிறகு நொடி தீர்வதற்குள், "வல்லதும் தின்னியா?"

ஏதாவது சாப்பிட்டாயா என்ற அந்தக் கேள்வியோடு பதிவு தானாக நின்றது. மகனிடம்கூட இன்னும் மிண்டாத ஒரு டீச்சர், பார்த்தேயிராத கடற்கரைப் பெண்ணிடம் மிண்டிவிட்டார்.

"இனி எதை அமுக்கணும் தம்பி?"

அமுக்கிவிட என் விரல் நீண்டுவிட்டது. பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். இடது பக்கம் தொட்டால் அழியும், வலது பக்கம் தொட்டால் போகும் என்றேன். இரண்டையும் ஒரே குரலில், ஒரே வேகத்தில், ஒன்று மற்றதைவிட நல்லது என்று தோன்றாதபடி சொன்னேன். இத்தனை வருட வேலையில் அதைவிடக் கடினமாக எதையும் நான் செய்ததில்லை.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, வலது பக்கம் தொட்டார்.